இரண்டு மொழி ஓடும் வீட்டில் மறுபடி மறுபடி பார்க்க எவை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய குழித்துறைப் பக்கம் ஒரு குடும்பம். பெரியவர்களுக்கு மலையாளம் காதில் விழுந்தாலே புரியும். பிள்ளைகளுக்குக் கேட்டால் பாதி விளங்கும், எழுத்து வாசிக்க வராது. பலமுறை பார்த்தாலும் சலிக்காத படங்களும் தொடர்களும் எவை, ஒரே கதை தமிழிலும் மலையாளத்திலும் இருந்தால் எதைப் பார்ப்பது, தமிழ் டப்பிங் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு அளவுகோல். முடிவு தெரிந்த பிறகு முதல் ஒரு மணி நேரம் வேறு படமாக மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அது மறுபடி பார்க்கத் தகுந்த படம். முடிவு தெரிந்ததும் முன்பாதி வெறும் காத்திருப்பாக ஆகிவிட்டால், எவ்வளவு பெரிய வெற்றிப் படமானாலும் ஒரு முறையோடு சரி. நகைச்சுவைப் படங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே, வரப்போகும் வசனம் தெரிந்திருந்தும் அதற்கு முந்திய வசனத்திலேயே சிரிப்பு வருகிறதா என்பதுதான் கணக்கு.

எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கல்குளம், விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்கு இரண்டு மொழியும் வீட்டு மொழிதான். மலையாளக் கதை தமிழுக்கு வரும்போது இயக்குநர் எதை மாற்றினார், எதைத் தொடாமல் விட்டார் என்பது சென்னைக்காரருக்கோ கொச்சிக்காரருக்கோ பாதிதான் தெரியும், உங்களுக்கு முழுவதும் தெரியும். அதனால் என் பரிந்துரை: தனிப் படங்களாகச் சேர்க்காமல், முடிந்த இடத்தில் ஜோடிகளாகச் சேருங்கள்.

முதல் இடம் 'மணிச்சித்ரத்தாழு'வுக்கு. 1993, ஃபாசில் இயக்கம், கதை மது முட்டம். பிரியதர்ஷன், சிபி மலயில், சித்திக்-லால் ஆகியோரும் துணைப் பிரிவு இயக்குநர்களாகச் சில காட்சிகளை எடுத்துக் கொடுத்தார்கள். ஷோபனாவுக்குத் தேசிய விருது. உங்கள் வீட்டுக்கு இது ஒரு விதத்தில் ஊர்ப் படமும்கூட. மாளிகைக் காட்சிகள் சில திருப்பூணித்துறை ஹில் பேலஸில் எடுக்கப்பட்டவை, சில தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில். இடம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் மற்ற நாளில் போங்கள். படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அரண்மனைக்குப் போய்வந்து, அதன்பின் மறுபடி பாருங்கள். மரத் தூண்களையும் இருண்ட இடைகழிகளையும் நேரில் கண்ட பிறகு, கேமரா எந்த அறையை எவ்வளவு பெரிதாகக் காட்டி ஏமாற்றியிருக்கிறது என்று தெரியும்.

இரண்டாம் முறை பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு ஷோபனா நடித்த கங்காவை மட்டும் தொடருங்கள். ஒவ்வொரு அசம்பாவிதம் நடக்கும்போதும் அவள் எங்கே இருந்தாள்? யார் அவளைப் பார்த்தார்கள்? பூட்டிய தெக்கினியை (மாளிகையின் தெற்குப் பகுதி அறை) திறக்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது யார்? அந்த மாளிகையில் முன்பு கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் நாட்டியக்காரி நாகவல்லியின் கதையைச் சொல்லும்போது அவள் குரலில் பயம் இருக்கிறதா, ஆசை இருக்கிறதா? முதல் முறை பார்ப்பவரின் கண்ணை அதே வீட்டில் இருக்கும் ஸ்ரீதேவி என்ற பெண்ணின் மேல் திருப்பிவிடுகிறார்கள். அதற்காக இயக்குநர் பொய்க் காட்சி எதையும் காட்டவில்லை என்பதுதான் இந்தப் படத்தின் நேர்மை. ஸ்ரீதேவியின் காட்சிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அவள் செய்வது எல்லாம் தனிப்பட்ட வருத்தத்தில் இருக்கும் ஒரு பெண் செய்யக்கூடியவைதான். சந்தேகத்தைச் சேர்ப்பது நாம்.

மூன்றாம் முறை காதை மட்டும் கொடுங்கள். கங்காவுக்குக் குரல் பாக்யலட்சுமி. நாகவல்லி பேசும் தமிழுக்குக் குரல் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். இது வெகுகாலம் கழித்துத்தான் பரவலாகத் தெரியவந்தது. அல்லிக்கு நகை எடுக்கப் போகிறேன் என்று கங்கா கிளம்ப, போக வேண்டாம் என்று கணவன் நகுலன் தடுக்கும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும், அவள் ஒரு கையால் கட்டிலைத் தூக்கும் இடம். அங்கே மலையாளம் எந்த இடத்தில் தமிழாக மாறுகிறது என்று கவனியுங்கள். ஷோபனாவின் கண் மாறுவதற்கும் மொழி மாறுவதற்கும் இடையில் நூலளவு இடைவெளி இருக்கிறது. பின்னணி இசை ஜான்சன். மற்ற இடங்களில் நாம் கவனிக்காதபடி ஓடும் இசை, இங்கே என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். பாடல்கள் எம்.ஜி. ராதாகிருஷ்ணன். 'பழந்தமிழ்ப் பாட்டிழையும்' பாட்டு ஆகிரி ராகம். ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பழைய வித்வான்கள் அஞ்சிய ராகத்தை, தமிழ்ப்பாட்டு காற்றில் வரும் ஒரு வீட்டுக்குத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. 'ஒருமுறை வந்து பார்த்தாயா'வில் தமிழ் வரிகள் வாலி எழுதியவை, மலையாள வரிகள் பிச்சு திருமலா.

இதன் ஜோடி 'சந்திரமுகி', 2005, பி. வாசு. கன்னடத்தில் 2004-ல் 'ஆப்தமித்ரா'வாகப் போய்த் தமிழுக்கு வந்தது. மலையாளப் பார்வையாளருக்கு நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறவள். அவள் வாயில் வரும் அந்நிய மொழியே அவர்களுக்குப் பாதி பயம். தமிழ்ப் பார்வையாளருக்குத் தமிழை வைத்து அந்தப் பயத்தை உண்டாக்க முடியாது. அதனால் சந்திரமுகி தெலுங்கு பேசுகிறாள், 'ரா ரா' பாடுகிறாள். சித்தூர், நகரி, திருத்தணி பக்கத்துத் தமிழருக்கு அதுவும் பக்கத்து வீட்டு மொழிதான். ஆக, உங்களுக்கு மூலத்தில் பேய் பேசும் மொழி வீட்டு மொழி, அவர்களுக்குத் தமிழ்ப் படத்தில் பேய் பேசும் மொழி பழகிய மொழி. எல்லையில் இருப்பவர்கள் இந்தக் கதையைப் பயத்தைவிடப் பரிவோடு பார்ப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நாகவல்லி என்ன சொல்லி அழுகிறாள் என்பது நமக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிடுகிறது.

இன்னொரு பெரிய வேறுபாடு நாயகன் வரும் நேரம். மலையாளத்தில் மோகன்லாலின் டாக்டர் சண்ணி, படத்தின் கணிசமான பகுதி ஓடிய பிறகுதான் வருகிறார். அதுவரை வீடும் அதன் ஆட்களும்தான் படம். தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையும் பாட்டுமாக வந்தாக வேண்டும். இதனால் சஸ்பென்ஸ் இளகுகிறது, ஆனால் வடிவேலுவோடு வரும் பகுதிகளுக்கு இடம் கிடைக்கிறது. எனவே நடைமுறையில் 'மணிச்சித்ரத்தாழு'வை எப்போதும் முழுதாகப் பாருங்கள், 'சந்திரமுகி'யைத் துண்டு துண்டாகப் பார்த்தாலும் குறையில்லை. 2024 ஆகஸ்டில் மலையாளப் படத்தை 4கே தரத்துக்குச் சீரமைத்து மறுபடி திரையரங்குகளில் வெளியிட்டார்கள். பழைய டிவி பிரதியில் கருப்பாக மட்டும் தெரிந்த தெக்கினி உட்புறம், அந்தப் பிரதியிலிருந்து வந்த பதிப்பு கிடைத்தால் அறையாகத் தெரியும்.

அடுத்த ஜோடி 'த்ருஷ்யம்' (2013), 'பாபநாசம்' (2015). இரண்டுக்கும் இயக்குநர் ஜீத்து ஜோசஃப், இரண்டுக்கும் ஒளிப்பதிவு சுஜித் வாசுதேவ். ஐ.ஜி. கீதாவாக ஆஷா சரத், இளைய மகளாக எஸ்தர் அனில், காணாமல் போகும் அவர் மகனாக ரோஷன் பஷீர் மூவரும் இரண்டிலும் அதே வேடத்தில் இருக்கிறார்கள். காட்சிகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று. அதனால் எதிரே நிற்கும் ஆள் மாறும்போது நடிப்பு எப்படி மாறுகிறது என்பதை அளந்து பார்க்க இதைவிட நல்ல ஜோடி இல்லை. விசாரணைக் காட்சிகளில் ஆஷா சரத்தை மட்டும் பாருங்கள். மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி எதையும் வெளியே விடாதவர், ஆகவே அவர் முகத்தில் ஏதாவது கிடைக்குமா என்று அவள் துருவுகிறாள். கமல்ஹாசனின் சுயம்புலிங்கம் உள்ளே நொறுங்குவது வெளியே தெரிகிறது, ஆகவே அவள் அழுத்துகிறாள். கடைசியில் நாயகனும் காணாமல் போன பையனின் தகப்பனும் பேசும் காட்சி இந்த வேறுபாட்டின் உச்சம். எது மேல் என்று வீட்டில் சண்டை வரும், வரட்டும். என் ஓட்டு, கதைக்கு ஜார்ஜ்குட்டி, மொழிக்கு சுயம்புலிங்கம். நெல்லைப் பேச்சை அவ்வளவு நீளத்துக்குத் தொய்வில்லாமல் ஒரு பெரிய நடிகர் பேசிய படங்கள் அதிகம் இல்லை.

முதல் ஒரு மணி நேரம் மெதுவாகப் போகிறது என்பது இந்தப் படத்தின் மேல் உள்ள பழைய குறை. மறுபடி பார்க்கும்போது அந்த ஒரு மணி நேரம்தான் விருந்து. நாயகனின் கஞ்சத்தனம், இரவில் கேபிள் அலுவலகத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பது, கட்டி முடியாத போலீஸ் ஸ்டேஷன், எதிரே சாயாக்கடை, கான்ஸ்டபிளோடு உள்ள பகை, எல்லாமே பிற்பாடு வேலைக்கு வருகின்றன. வீணான பொருள் ஒன்றும் இல்லை. ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே பாருங்கள்: முன்பாதியில் வந்து பின்பாதியில் பயன்படாத பொருளோ ஆளோ யார்? பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல திரைக்கதைப் பாடம் கிடைக்காது. இரண்டாம் முறை பேருந்து, ஹோட்டல், திரையரங்கு ஆட்களிடம் அவர் பேசும் வார்த்தைகளைக் கவனியுங்கள். அவர்களில் யாரிடமும் அவர் பொய்யை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. நடந்ததைத்தான் நினைவூட்டுகிறார், தேதியை மட்டும் நகர்த்திவிடுகிறார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜோடிப் படங்களை ஒரே வாரத்தில் பார்க்காதீர்கள். கதை ஒன்றே என்பதால் இரண்டாவதாக ஓடுவது எதுவானாலும் மட்டமாகத் தோன்றும், பழி அந்தப் படத்தின் மேல் விழும். குறைந்தது இரண்டு மாதம் விடுங்கள். முதலில் மூலம், பிறகு மறு ஆக்கம் என்ற வரிசையும் கட்டாயம் இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழை முதலில் காட்டினால், மலையாளம் பார்க்கும்போது கதை தெரிந்திருப்பதால் சப்டைட்டில் இல்லாமலே விளங்கும். மொழி பழகவும் அதுதான் வழி.

'தேன்மாவின் கொம்பத்து' (1994), 'முத்து' (1995) ஜோடியிலும் இதே எல்லை விளையாட்டு. மலையாளத்தில் நாயகனும் நாயகியும் வழி தவறி, மொழி புரியாத ஊரில் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழில் அவர்கள் போய் மாட்டும் ஊர் மலையாள ஊர். எல்லையோரக் களியக்காவிளைக்காரருக்கு அந்த நகைச்சுவை பாதிதான் வேலை செய்யும், ஏனென்றால் சுற்றி நிற்பவர்கள் பேசுவது முழுக்க விளங்குகிறது. ஆனால் மலையாளப் படத்தைக் கண்ணுக்காகவே பலமுறை பார்க்கலாம். பிரியதர்ஷன் இயக்கம். ஒளிப்பதிவுக்கு கே.வி. ஆனந்தும் கலை இயக்கத்துக்கு சாபு சிரிலும் தேசிய விருது வாங்கினார்கள். பெரும்பகுதி பொள்ளாச்சிப் பக்கத்து நிலம்தான், ஆனால் எந்த மாநிலம் என்று சொல்ல முடியாத கற்பனை நாடாக மாற்றியிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், ஜன்னலை மூடிவிட்டுப் பாருங்கள்.

ஃபாசிலின் இன்னும் இரண்டு ஜோடிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். 'நோக்கெத்தா தூரத்து கண்ணும் நட்டு' (1984), 'பூவே பூச்சூடவா' (1985). பாட்டியாக பத்மினியும் பேத்தியாக நதியாவும் இரண்டிலும். அழைப்பு மணியின் போக்கை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை தொடருங்கள், படத்தின் மொத்தக் கதையும் அந்த மணியில் இருக்கிறது. இரண்டாவது, 1997-லேயே இரண்டு மொழியிலும் வந்த 'அனியத்திப்ராவு', 'காதலுக்கு மரியாதை'. இரண்டிலும் ஷாலினி, இரண்டிலும் நாயகனின் தாயாக ஸ்ரீவித்யா. கடைசிக் காட்சியை ஸ்ரீவித்யாவுக்காக எத்தனை முறையும் பார்க்கலாம்.

'மகேஷின்டெ பிரதிகாரம்' (2016) 'நிமிர்' (2018) ஆனது. இங்கே ஜோடி வேண்டாம், மலையாளம் மட்டும் போதும். திலீஷ் போத்தனின் படம் இடுக்கி மண்ணும் அங்கத்து ஆட்களின் பேச்சும் இல்லாமல் நிற்காது. தொடக்கத்தில் மகேஷ் ஓடையில் செருப்பைக் கழுவுகிறான். முதல் முறை அது வெறும் அறிமுகம். கதை முழுவதும் அந்தச் செருப்பின் மேல்தான் நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகு பார்த்தால், அவன் எவ்வளவு பொறுமையாகக் கழுவுகிறான் என்பது தெரியும்.

இனி, டப்பிங்கில் பார்க்கவே கூடாத ஒரு படம்: 'நண்பகல் நேரத்து மயக்கம்'. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கம், எஸ். ஹரீஷ் திரைக்கதை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. 2022 டிசம்பரில் கேரளத் திரைப்பட விழாவில் முதல் திரையிடல், 2023 ஜனவரியில் வெளியீடு. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாள நாடகக் குழு ஒன்றின் பேருந்திலிருந்து ஜேம்ஸ் என்பவர் நடுவழியில் இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, காணாமல் போன சுந்தரமாக அந்த வீட்டுக்குள் நுழைகிறார். மம்மூட்டி ஜேம்ஸாக மலையாளம் பேசுகிறார், சுந்தரமாகத் தமிழ் பேசுகிறார். கதையே அந்த மொழி மாற்றம்தான். எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டால் படத்தில் எதுவும் நடக்காதது போல ஆகிவிடும். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) படத்துக்கும் இதே விதி. கொடைக்கானலில் உதவி கேட்டு மலையாள இளைஞர்கள் தடுமாறும் தமிழ்தான் அங்கே பதைப்பு. தமிழ்ப் பதிப்பில் எல்லோரும் சரளமாகப் பேசினால் அந்தப் பதைப்பு போய்விடும்.

'நண்பகல்' படத்தை முதல் முறை கதைக்காகப் பார்த்தால் நிறையப் பேர் பாதியில் எழுந்துவிடுகிறார்கள். கேமரா பெரும்பாலும் அசையாது. ஒரு வாசல், ஒரு தெரு, ஒரு திண்ணை, அதற்குள் ஆட்கள் வந்துபோகிறார்கள். இதற்குத் தனியாகப் பின்னணி இசை அமைக்கவில்லை. ஊர் வீடுகளில் ஓடும் டிவி, ரேடியோவிலிருந்து வரும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும்தான் இசையாக வேலை செய்கின்றன. இரண்டாம் முறை காட்சியை மறந்துவிட்டு, எந்த வசனம் எந்த நேரத்தில் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெரியவர்களை அருகில் வைத்துக்கொண்டால் எந்தப் படத்து வசனம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள், அப்போது அந்த வசனம் திரையில் நடப்பதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் தெரியும். பார்வையில்லாத அம்மா எப்போதும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதன் பொருளும் அப்போதுதான் பிடிபடும். தொடக்கத்தில் "உறங்கு வதுபோலுஞ் சாக்காடு" என்ற குறளை (339) எடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த அடி, "உறங்கி விழிப்பது போலும் பிறப்பு". பகல் தூக்கத்தை வைத்து ஒரு முழுப் படத்தைக் கட்டுவதற்கு இந்த ஒரு குறள் போதுமானதாக இருந்திருக்கிறது. மூன்றாம் முறை திரைச் சட்டத்தின் (ஃபிரேம்) ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள், முக்கியமாகப் பேருந்தில் வந்த மனைவியையும் மகனையும். நடுவில் மம்மூட்டி நடித்துக்கொண்டிருப்பார், ஓரத்தில் ஒரு குடும்பத்தின் மானம் போய்க்கொண்டிருக்கும். போனில் இந்தப் படம் செத்துவிடும், 32 அங்குலத்துக்குக் குறையாத திரை வேண்டும்.

'கும்பளங்கி நைட்ஸ்' (2019) பார்க்கும்போது ஷம்மியை முதல் காட்சியிலிருந்து தொடருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொட்டை அவன் பிளேடால் சுரண்டும் காட்சியில் எல்லாமே சொல்லப்பட்டுவிடுகிறது, ஃபகத் ஃபாசிலின் சிரிப்பில் நாம்தான் கோட்டை விடுகிறோம். நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு கிளை உண்டு: ரமேஷ் திலக் நடித்த தமிழ் நண்பரும், ஷீலா ராஜ்குமார் நடித்த அவர் மனைவி சதியும். பிழைக்க வந்த இந்த இருவர் இல்லாமல் அந்த நான்கு சகோதரர்களின் வீடு வீடாக மாறியிருக்காது. பார்க்கும் பலர் இதை இரண்டாம் முறைதான் கவனிக்கிறார்கள்.

'கிரீடம்' (1989) தனியாகச் சொல்ல வேண்டிய படம். லோகிததாஸ் எழுத்து, சிபி மலயில் இயக்கம். திலகனின் அச்சுதன் நாயர் மகனை சப்-இன்ஸ்பெக்டராகக் கனவு காண்பதில் தொடங்கி, அதே தகப்பன் வாயால் அந்தக் கனவு ரத்தாவதில் முடிகிறது. அடிக்கடி பார்க்கும் படம் அல்ல. சில வருடங்களுக்கு ஒரு முறை, வீட்டில் யாரும் மனம் சோர்ந்திருக்காத நாளில் பாருங்கள். மகன் சேதுமாதவன் எந்த இடத்தில் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் நல்ல மகன் செய்வதைத்தான் அவன் செய்கிறான், அதுவே அவனைக் கீழே இழுக்கிறது. பாட்டில் வரும் பாலம் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாயணிப் பகுதியில் இருக்கிறது, கிரீடம் பாலம் என்றே ஊர் அழைக்கிறது.

சிரிப்புக்கு இரண்டே இரண்டு. 'நாடோடிக்காற்று' (1987): துபாய் என்று நினைத்துச் சென்னைக் கடற்கரையில் கரையேறும் தாசனும் விஜயனும் தமிழ்ப் பலகைகளைப் பார்க்கும் இடம், தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நொடி முன்னதாகவே வெடிக்கும். அந்தச் சிரிப்புக்கு அடியில் வேலையில்லாத படித்த இளைஞர்களின் பசி இருக்கிறது. சீனிவாசனின் எழுத்து அதை ஒரு காட்சியிலும் மறப்பதில்லை. தமிழில் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). கிரேசி மோகனின் வசனத்தில் ஒருவர் பேசி முடிக்கும் முன் அடுத்தவர் தொடங்கிவிடுவார், ஒரு முறையில் பாதிகூடக் காதில் விழாது. சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழை உங்கள் வீட்டுப் பெரியவர்களை வைத்துக் கேளுங்கள், எந்தச் சொல் மலையாளத்திலிருந்து வந்தது என்று தனியாகச் சிரிப்பார்கள்.

தொடர்களுக்கு வேறு கணக்கு. நூற்றுக்கணக்கான பகுதிகள் கொண்ட நெடுந்தொடரை, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், மறுபடி பார்க்க வாழ்நாள் போதாது. மறுபடி பார்க்க ஏற்றவை இரண்டு வகை: ஒவ்வொரு பகுதியும் தனிக் கதையாக நிற்பவை, அல்லது எட்டுப் பத்துப் பகுதியில் முடிந்துவிடுபவை.

முதல் வகையில் மழவில் மனோரமாவில் 2011-ல் தொடங்கிய 'மறிமாயம்'. அரசு அலுவலகம், அதற்குள் கோயா, சத்தியசீலன், மண்டோதரி, பியாரி, மொய்து. ஒரு பகுதி அரை மணி நேரத்துக்குள் முடியும், எங்கிருந்து தொடங்கினாலும் பாதகமில்லை. வருமானச் சான்றிதழுக்கு நடந்த அனுபவம் இரு மாநிலத்திலும் ஒன்றுதான் என்பதால் மொழி தடையில்லை. பேச்சு வேகம் மட்டும் அதிகம், பிள்ளைகளுக்கு முதல் சில பகுதிகள் திணறும். ஃப்ளவர்ஸ் டிவியின் 'உப்பும் முளகும்' அவர்களுக்கு எளிது. பாலு, நீலு, பிள்ளைகள் பேசுவது நம் பக்கத்துக்கு நெருங்கிய தெற்குத் திருவிதாங்கூர்ப் பேச்சு. தமிழில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யை இந்த இடத்தில் வைப்பேன்.

அதே நாகா, இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு', மணிச்சித்ரத்தாழுவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இரண்டிலும் ஊர் நம்பும் சக்தி ஒரு பக்கம், உள்ளம் பிளந்த மனிதர் மறுபக்கம். மலையாளப் படம் கடைசியில் மருத்துவத்தின் பக்கம் சாய்கிறது. தமிழ்த் தொடர் இரண்டு கதவையும் திறந்தே வைக்கிறது. பழைய வீடியோ தரம் மங்கல்தான், குரலும் வசனமும் அதை ஈடுகட்டும்.

சிறு தொடர்களில் 'அயலி' (2023), எட்டுப் பகுதி. வயதுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்குப் போகும் பெண்ணின் கதை. தாயாக வரும் அனுமோள் மலையாள நடிகை. மறுபடி பார்க்கும்போது தாயைத் தொடருங்கள், அவள்தான் அதிகம் மாறுகிறாள். 'விலங்கு' (2022), ஏழு பகுதி. குற்றவாளி ஆரம்பத்திலிருந்தே கண்முன் நடமாடுகிறார் என்பதால் உடனே மறுபடி ஓட்டலாம், ஆனால் ரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

படம் நன்றாக இருந்தும் மறுபடி பார்க்கும்போது ருசிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் டிவியின் அமைப்பும் பிரதியும்தான். அவற்றைச் சரிசெய்ய:

ஆட்கள் நாடகத் தொடரில் போல வழுக்கிக்கொண்டு நகர்வதாகத் தோன்றினால் டிவி தானாக இடைச்சட்டங்களைச் சேர்க்கிறது. படம் வினாடிக்கு 24 சட்டம், டிவி அதை 50, 60 ஆக்கிக் காட்டுகிறது. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் இருக்கும், அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு. இப்போதைய டிவி 1.78 மடங்கு. ஆகவே மேலும் கீழும் கருப்புப் பட்டை வந்தால் அது சரியான பிரதி. ஸ்கோப் படம் பட்டையில்லாமல் திரையை நிறைத்தால் பக்கவாட்டில் கால் பங்கு படம் வெட்டுப்பட்டிருக்கிறது. பழைய சதுர டிவிக்காக வெட்டிய பிரதியாக இருந்தால் ஏறத்தாழ 44 சதவீதம் போய்விடும். ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள் என்று மேலே சொன்னது எதுவும் அந்தப் பிரதியில் நடக்காது. ரிமோட்டில் ஜூம் அழுத்தி நிரப்புவதும் இதே வெட்டுதான்.

வீட்டில் இருக்கும் பழைய டிவிடி, விசிடிகளில் பல வினாடிக்கு 25 சட்டத்தில் ஓடுபவை. 150 நிமிடப் படம் அவற்றில் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் அரைச் சுரத்துக்கு (செமிடோன்) சற்றுக் குறைவாக ஏறிவிடும். சுருதிப் பெட்டியோடு சேர்த்துப் பாடிப் பார்ப்பவருக்கு இது உடனே பிடிபடும். இணையத்தில் யாரோ ஏற்றிவிட்ட பிரதிகளில் வேகம் இன்னும் கூட்டியிருப்பார்கள், சிலவற்றில் இடவலம் மாற்றியிருப்பார்கள். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம், கடைப் பலகை எழுத்து இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். அப்படிப்பட்ட பிரதியில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வசனம் மெதுவாகவும் பாட்டு இடிபோலவும் கேட்டால், ஒலித்தடத்தை 5.1-லிருந்து (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி) ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். 5.1-ல் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது, டிவியில் அந்த ஸ்பீக்கர் இல்லை, இருப்பதைக் கலக்கும்போது வசனம் அமுங்கிவிடுகிறது.

சப்டைட்டில் முதல் முறைக்கு மட்டும். இரண்டாம் முறை கட்டாயம் அணையுங்கள், இல்லாவிட்டால் கண் கீழேயே கிடக்கும், முகங்கள் தவறிவிடும். பிள்ளைகள் ஒரு வசனம் புரியவில்லை என்றால் படத்தை நிறுத்தி அப்பச்சியிடமோ அம்மாச்சியிடமோ கேட்கட்டும். டப்பிங்கைப் பொறுத்தவரை, கதை ஓட்டத்துக்காக மட்டும் பார்க்கும் படங்களுக்கு அது போதும். 'த்ருஷ்யம்' போன்றதற்கு 'பாபநாசம்' இருக்கும்போது டப்பிங் தேவையே இல்லை. பேச்சுவழக்கின் மேல் நிற்கும் 'கும்பளங்கி', 'மகேஷ்' இரண்டுக்கும் டப்பிங்கைத் தொடாதீர்கள். கொச்சிக் கடலோரப் பேச்சையும் இடுக்கி மலைப் பேச்சையும் ஒரே ஸ்டுடியோத் தமிழாக்கிவிடுவார்கள்.

தொடங்குவதற்கு ஒரு வரிசை வேண்டுமென்றால்: முதல் மாதம் 'நாடோடிக்காற்று', எல்லோரும் சேர்ந்து. அடுத்து 'பாபநாசம்'. மூன்றாவதாக 'மணிச்சித்ரத்தாழு', அரண்மனைப் பயணத்தோடு. 'த்ருஷ்யம்' அதற்கு அடுத்து, அப்போது பிள்ளைகளுக்கு மலையாளம் காதில் பழகியிருக்கும். 'நண்பகல்' கடைசியில், மதியச் சாப்பாடு முடிந்து யாருக்கும் அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.